மழைக் கிரகத்துல பூட்டி வச்ச பொண்ணு

வணக்கம் அண்ணா,

எட்டாவது படிக்கும்போது ஒரு அடைமழை நாள்ல எங்க இங்கிலீஷ் சார் பாடத்தை மூடி வச்சுட்டு ஒரு கதை சொன்னார். வேற ஏதோ கிரகம், எப்பவும் மழை. சூரியனைப் பாக்கணும்னு ஏங்குற ஒரு பொண்ணை கூடப் படிக்கிற பசங்க பூட்டி வச்சிருவாங்க. மழைல நடந்து நடந்து ஆளுங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும், ஒருத்தன் வாயைத் தொறந்துக்கிட்டு வானத்தைப் பாத்தே உக்காந்திருப்பான். கடைசில அந்தப் பொண்ணு ஒரு பெரிய உருண்டைக் கட்டடத்துக்குள்ள போவா, உள்ள மஞ்சளா ஒரு சூரியன் தொங்கும், குடிக்க சூடா ஏதோ இருக்கும். கதை பேரும் தெரியல, எழுதினது யாருன்னும் தெரியல. என் பொண்ணுக்கு சொல்லணும்னு ஆசை, கண்டுபிடிச்சுத் தர முடியுமா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

பூட்டி வச்ச பொண்ணு யாருன்னு உங்க மெயிலைப் படிச்ச உடனே தெரிஞ்சிருச்சு. அந்த உருண்டைக் கட்டடம்தான் ரெண்டு நாள் தூங்க விடல, ஏன்னா நான் படிச்ச கதைல அப்படி ஒரு கட்டடமே கிடையாது.

பொண்ணு பேரு மார்கோ. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி எழுதின 'ஆல் சம்மர் இன் எ டே'ங்கற சிறுகதை, 1954-ல வந்தது. வெள்ளி கிரகம், ஏழு வருஷமா விடாம மழை, அன்னைக்கு மட்டும் கொஞ்ச நேரம் வெயில் வரப்போகுது. கிளாஸ்ல எல்லாருக்கும் ஒன்பது வயசு, கடைசியா சூரியன் வந்தப்ப ரெண்டு வயசு, அதனால யாருக்கும் அது ஞாபகத்துலயே இல்ல. மார்கோ மட்டும் நாலு வயசு வரைக்கும் பூமில இருந்தவ, அவளுக்கு அந்த சூடு ஞாபகம் இருக்கு, அந்தப் பொறாமைலதான் அவளைத் தூக்கிட்டுப் போய் அலமாரி ரூம்ல போட்டுப் பூட்டுறாங்க. அப்புறம் வெயில் வருது, பசங்க வெளிய ஓடி ஆடித் தீக்குறாங்க, அவளை மறந்தே போறாங்க. திடீர்னு ஒரு பொண்ணு நின்னு அழ ஆரம்பிக்கிறா, கையை நீட்டிக் காட்டுறா, உள்ளங்கை நடுவுல பெருசா ஒரே ஒரு மழைத்துளி. அந்தத் துளியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைப் பிசையும்.

சரி, பைத்தியம் பிடிச்ச ஆளுங்க எங்கேர்ந்து வந்தாங்க? நான் பண்ண தப்பு எல்லாத்தையும் ஒரே கதைக்குள்ள தேடினது. அப்புறம்தான் தோணுச்சு, அதே பிராட்பரி அதே மழைக் கிரகத்தை வச்சு 1950-லயே இன்னொரு கதை எழுதியிருக்காரே! 'தி லாங் ரெய்ன்', அடுத்த வருஷம் வந்த 'தி இல்லஸ்ட்ரேடட் மேன்' தொகுப்புல இருக்கு. ராக்கெட் விழுந்து மாட்டிக்கிட்ட நாலு பேர் மழைல நடந்துக்கிட்டே 'சன் டோம்'னு ஒரு உருண்டைக் கட்டடத்தைத் தேடுறாங்க. வாயைத் தொறந்து உக்காந்த ஆள் அதுல வர்றவன்தான். கடைசில லெப்டினன்ட் ஒருத்தர் மட்டும் உள்ள போய்ச் சேருவார், உள்ள மஞ்சள் சூரியன், பக்கத்துல காஞ்ச துணி, ஆவி பறக்குற சாக்லேட். நீங்க சொன்ன 'சூடா ஏதோ' அதுதான்.

எந்தக் கிரகம்னு நீங்க எழுதலன்னாலும் விடாம மழைன்னு சொன்னாலே அந்தக் காலத்துல வெள்ளிதான். மேல எப்பவும் மேகம் மூடியிருக்கறதால கீழ சதுப்பும் காடுமா இருக்கும்னு ரொம்ப பேர் நினைச்சுக்கிட்டிருந்தாங்க, 1962 டிசம்பர்ல மரைனர் 2-ங்கற அமெரிக்க விண்கலம் பக்கத்துல போய் அளந்தப்பதான் அது கொதிக்கிற எடம்னு உறுதியாச்சு. தரையில 460 டிகிரிக்கு மேல, ஈயம் உருகிடும். மேகத்துல சல்ஃப்யூரிக் ஆசிட் மழை உண்டு, ஆனா அது தரையைத் தொடறதுக்கு முன்னாடியே ஆவியாயிடும். அதனால அந்த உள்ளங்கைத் துளி அங்க விழவே வாய்ப்பில்ல. கதைக்கு இதனால ஒரு குறையும் இல்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்ப உங்க பொண்ணுக்கு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மார்கோ சூரியனைப் பாக்கவே இல்ல. மறுபடி மழை பிடிச்ச பிறகு பசங்க தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மெதுவா நடந்து போய், அதைவிட மெதுவா கதவைத் தொறந்து விடுறாங்க, கதை அங்கயே முடிஞ்சிருது. 1982-ல அமெரிக்காவுல இதை டிவிக்கு எடுத்தவங்களால அப்படி விட முடியல, பசங்க வெயில்ல பறிச்ச பூவைக் கொண்டுவந்து அவகிட்ட குடுக்குற மாதிரி வச்சாங்க. உங்க ஞாபகத்துல அதுக்கும் மேல நடந்திருக்கு, லெப்டினன்டோட சூரியனையே தூக்கி யாரோ மார்கோவுக்குக் குடுத்திருக்காங்க. ரெண்டு கதையும் படிச்சு இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணினதே இல்ல எஸ்., மெயிலைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அது எட்டாவது படிச்ச நீங்களா, இல்ல உங்க சாரா? அந்த வருஷம் உங்க கூடப் படிச்சவங்க யாராவது தொடர்புல இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்களுக்கும் மார்கோ அந்த டோமுக்குள்ள போனதாதான் ஞாபகம் இருந்துச்சுன்னா மழை நாள்ல அத்தனை பசங்க முன்னாடி நின்னுக்கிட்டு அதைப் பண்ணது சார்தான். என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, காத்துக்கிட்டு இருப்பேன்.