இலவச அனுமதி யாருக்கு, எதன் பேரில்?

கேள்வி: கரியமில வாயுவை வெளியேற்றும் ஆலைகள் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் உமிழ்வு வணிகத்தைத் தொடங்கியது. உருக்கு, சிமென்ட் ஆலைகளுக்கோ பெரும்பாலான அனுமதிகளை இன்றுவரை இலவசமாகவே கொடுக்கிறது. கேட்டால், "விலை வைத்தால் ஆலைகள் வெளிநாட்டுக்குப் போய்விடும், கார்பன் கசிவு ஏற்படும்" என்கிறார்கள். இது ஆலை முதலாளிகளின் மிரட்டலுக்குப் பணிவதுதானே? இலவசமாகக் கிடைத்தபின் எவர் புகையைக் குறைப்பார்?

பதில்: மிரட்டல் என்கிறீர்களே, அதில் பாதி உண்மை உண்டு. இலவசமாகக் கிடைத்தால் எவரும் குறைக்கமாட்டார்கள் என்பது தவறு. தவறை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஒரு அனுமதி என்பது ஒரு டன் கரியமில வாயுவை வெளியேற்றும் உரிமை. ஒரு சிமென்ட் ஆலை ஆண்டுக்கு 10 லட்சம் டன் கிளிங்கர் (அரைத்துச் சிமென்ட் ஆக்கும் சுட்ட கட்டி) சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2025 வரையிலான விதிப்படி, ஒரு டன் சாம்பல் நிறக் கிளிங்கருக்கு 0.693 அனுமதி இலவசம். ஆக 6,93,000 அனுமதிகள் கிடைக்கும். ஆலை உண்மையில் டன்னுக்கு 0.82 டன் கரியமில வாயுவை வெளியேற்றினால், ஆண்டு இறுதியில் ஒப்படைக்க வேண்டியவை 8,20,000. குறைகிற 1,27,000 அனுமதிகளைச் சந்தையில் வாங்க வேண்டும். அனுமதி 70 யூரோ என்றால் 88.9 லட்சம் யூரோ. அடுப்பைச் சீர்செய்து உமிழ்வை 0.78-க்குக் கொண்டுவந்தால் 28 லட்சம் யூரோ மிச்சம். ஒரு அனுமதிகூட இலவசமாகக் கிடைக்காவிட்டாலும் இந்த மிச்சம் அதே 28 லட்சம்தான். ஆலை எவ்வளவு புகைத்தாலும் இலவச அளவு மாறாதவரை, குறைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் முழு விலையும் கையில் நிற்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இலவச அளவை அந்த ஆலையின் சொந்தப் புகையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. 2012 வரை பெரும்பாலும் அப்படித்தான் தீர்மானித்தார்கள். முன்பு அதிகம் புகைத்தவருக்கு அதிகம் கிடைத்தது. வெளிநாட்டுப் போட்டியை அவ்வளவாகச் சந்திக்காத மின் நிலையங்களுக்கும் கொடுத்தார்கள். அவை இலவசமாக வாங்கிய அனுமதியின் சந்தை விலையை மின்கட்டணத்தில் ஏற்றி, நுகர்வோரிடம் வசூலித்தன. உங்கள் கோபம் நியாயமாகச் சேரவேண்டிய இடம் இது. 2013 முதல் மின் உற்பத்திக்கு, சில உறுப்பு நாடுகளுக்கான விதிவிலக்கு நீங்கலாக, இலவசம் நின்றது. தொழிற்சாலைகளுக்கு அளவுகோல் மாறியது. ஒவ்வொரு பொருளையும் மிகத் திறமையாகத் தயாரிக்கும் முதல் 10 விழுக்காடு ஆலைகளின் சராசரி உமிழ்வே அளவு. அதற்கு மேல் புகைப்பவர் காசு கொடுக்க வேண்டும்.

மிரட்டல் என்பதில் எது உண்மை? கசிவு ஆபத்துள்ள துறைகளின் பட்டியலில் சேர்ந்தால் அளவுகோல்படியான அனுமதி முழுவதும் இலவசம். அதில் இடம்பிடிக்கும் விதி 2013-க்குப் பிறகும் தளர்வாகவே இருந்தது. ஒரு துறையின் வெளிநாட்டு வணிகம் 30 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், உமிழ்வு அற்பமாக இருந்தாலும் பட்டியலில் சேரலாம். கார்பன் செலவைக் கணக்கிட அனுமதியின் விலையை 30 யூரோ என்று எடுத்துக்கொண்டார்கள். சந்தையில் அது பல ஆண்டுகள் 10 யூரோவுக்கும் கீழே கிடந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட துறைகள் உள்ளே வந்தன. 2021-இல் வணிகச் செறிவையும் (துறையின் சந்தையில் வெளிநாட்டு வணிகத்தின் பங்கு) உமிழ்வுச் செறிவையும் (துறை உருவாக்கும் மதிப்பில் ஒரு யூரோவுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு) பெருக்கி, 0.2-ஐத் தாண்டினால் மட்டுமே நேரடி இடம் என்று மாற்றியபின் பட்டியல் 63 ஆகச் சுருங்கியது.

ஆனாலும் கசிவு கட்டுக்கதை அல்ல. ஊது உலையில் ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறும். 70 யூரோ விலையில் அது 140 யூரோ. அந்தச் சுமை இல்லாத நாட்டு உருக்கோடு அதே சந்தையில் விற்கும் ஆலையின் லாபத்தை இது விழுங்கிவிடும். ஆலை மறுநாளே மூட்டை கட்டாது. ஊது உலையின் உட்பூச்சைப் பதினைந்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை பெரும் செலவில் மாற்ற வேண்டும். அந்த முடிவு வரும்போது பணம் வேறு நாட்டுக்குப் போகும். ஆகவே, "இத்தனை ஆண்டில் எத்தனை ஆலை ஓடிவிட்டது" என்று எண்ணிப் பார்ப்பது போதாது. சிமென்ட்டிலோ ஆபத்து இடத்துக்கு இடம் மாறும். கனமும் மலிவுமான சரக்கு லாரியில் வெகுதூரம் போகாது. கப்பலில் கிளிங்கர் வந்திறங்கும் கடலோரத்து ஆலைக்கே உண்மையான ஆபத்து. கடலோர ஆலைக்கும் கடலிலிருந்து தொலைவில் உள்ள ஆலைக்கும் விதி ஒன்றாகவே இருக்கிறது.

என் கடுமையான குறை வேறொன்று. இலவச அனுமதியை எதோடு கட்டிவைத்தார்கள் என்பதைப் பாருங்கள். கிளிங்கர் சுடும்போது சுண்ணாம்புக்கல்லிலிருந்தே டன்னுக்கு அரை டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு கிளம்பும். எரிபொருளை மாற்றி இதைக் குறைக்க முடியாது. குறைக்க நடைமுறையில் எளிய வழி, சிமென்ட்டில் கிளிங்கரின் பங்கைக் குறைத்து உலைக்கசடு, சுட்ட களிமண் போன்றவற்றைச் சேர்ப்பது. அளவுகோலோ சிமென்ட்டுக்கு அல்ல, கிளிங்கருக்கு. மேலே சொன்ன ஆலை இப்படிக் கலந்து 2 லட்சம் டன் கிளிங்கரைக் குறைத்தால் உமிழ்வு 1,64,000 டன் குறையும். உற்பத்தியின் ஈராண்டுச் சராசரி 15 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் ஒதுக்கீடு திருத்தப்படும் என்பதால், இலவச அனுமதியும் 1,38,600 குறையும். கையில் மிஞ்சுவது 25,400. டன் கிளிங்கருக்கு 57.40 யூரோ பலன் வரவேண்டிய இடத்தில் 8.89 யூரோதான் வருகிறது. 14 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டவருக்கு, அந்த ஐந்தாண்டு ஒதுக்கீட்டுக் காலத்தில், முழுப் பலனும் கிடைக்கும். துணிந்து மேலே போனவரைத் தண்டிக்கும் விதி இது.

இதற்கு முந்தைய விதி இன்னும் மோசம். 2013 முதல் 2020 வரை, உற்பத்தி பாதிக்குக் கீழே போனால்தான் ஒதுக்கீடு பாதியாகும். தேவை சரிந்தபோது சில சிமென்ட் நிறுவனங்கள் ஓர் ஆலையை நிறுத்தி மற்றதை முழுவீச்சில் ஓட்டுவதற்குப் பதில், இரண்டையும் பாதிக்குச் சற்று மேலே ஓட்டின. இரண்டுக்கும் முழு ஒதுக்கீடு கிடைத்தது. திறமை குறைந்த அடுப்பும் அணையாமல் எரிந்தது.

இப்போது வந்திருக்கும் எல்லைக் கார்பன் சரிக்கட்டு, கசிவைத் தடுக்க இலவசத்தைவிடச் சரியான கருவி. சிமென்ட், இரும்பு-உருக்கு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை இறக்குமதி செய்பவர், அவற்றின் உமிழ்வுக்கு ஏற்பச் சான்றிதழ் வாங்க வேண்டும். பொருள் தயாரான நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலை கழித்துக்கொள்ளப்படும். செலவுப் பொறுப்பு 2026 ஜனவரி 1 முதல். அதற்கு ஈடாக இந்தத் துறைகளின் இலவச ஒதுக்கீடு 2026-இல் 2.5 விழுக்காடு குறைகிறது, 2030-இல் 48.5, 2034-இல் முழுவதும் போய்விடும். உள்ளூர்க் கிளிங்கருக்கும் வந்திறங்கும் கிளிங்கருக்கும் ஒரே சுமை ஏறும்போது, கார்பன் விலை சிமென்ட் விலைக்குள் வந்தே தீரும். கிளிங்கரைக் குறைப்பவருக்கு அப்போதுதான் முழுப் பலன்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. திருகும் போல்ட்டும் இந்தச் சரிக்கட்டின் பட்டியலில் உள்ளன. உருக்கால் செய்த காரைப் பட்டியலில் சேர்க்காமலே தொடங்கினார்கள். கசிவு உருக்காலையிலிருந்து கார் ஆலைக்கு நகரலாம். வெளிநாட்டு உற்பத்தியாளர் தன் தூய சரக்கை ஐரோப்பாவுக்கும், புகை மிகுந்ததை மற்ற நாடுகளுக்கும் பிரித்து அனுப்பலாம். காகிதத்தில் உமிழ்வு குறையும், காற்றில் குறையாது. எல்லாவற்றையும்விடப் பெரியது ஏற்றுமதி. எல்லையில் வசூலிப்பது உள்ளே வரும் சரக்குக்கு மட்டும். இலவசத்தை இழந்தபின் வெளிநாட்டில் விற்கும் ஐரோப்பிய ஆலைக்கு இதனால் பாதுகாப்பில்லை. ஏற்றுமதிக்குக் கார்பன் செலவைத் திருப்பித் தந்தால் உலக வணிக அமைப்பில் தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி மானியம் என்று வழக்கு வரக்கூடும்.

2028-இல் 10 விழுக்காடாக இருக்கும் குறைப்பு, இரண்டே ஆண்டில் 48.5-க்குத் தாவுகிறது. அப்போது அட்டவணையைத் தள்ளிப்போடச் சொல்லிக் குரல்கள் எழும். ஏற்றுமதி செய்யும் ஆலையிடமிருந்து வந்தால் அதைக் கேட்கலாம். உள்நாட்டுச் சந்தையில் மட்டும் விற்று, எல்லைப் பாதுகாப்பையும் பெற்றுக்கொண்டு இலவசத்தையும் நீட்டிக்கக் கேட்பவருக்கு, மிரட்டல் என்று நீங்கள் சொன்ன அந்தச் சொல் முழுவதும் பொருந்தும்.