குழலுக்குள்ளிருந்து வந்த கறுப்புக் குளவிகள்

கேள்வி: என் நெல் வயலில் ஆனைக்கொம்பன் ஈ தாக்கியிருக்கிறது. வெங்காயத்தாள் போலக் குழலாகிவிட்ட தூர்கள் (நெல்லின் கிளைத் தண்டுகள்) சிலவற்றைப் பிடுங்கி பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். கொசு மாதிரி ஈ வரும் என்று பார்த்தால், கடுகில் பாதிகூட இல்லாத கறுப்புக் குளவிகள் கூட்டமாக வந்தன. பயிரைக் கெடுப்பது இவைதானா? மருந்து அடிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். வந்தவை பெரும்பாலும் பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்ற ஒட்டுண்ணிக் குளவிகளாக இருக்கும். ஆனைக்கொம்பனுக்கு எமன் அவைதான்.

குழலை உண்டாக்குவது ஈயின் புழு. முட்டையிலிருந்து வந்ததும் இலையுறைக்குள் ஊர்ந்து இறங்கிக் குருத்தின் வளர்நுனியை அடைகிறது. அது அங்கே இருந்து தின்னத் தின்ன, இலையாக விரிய வேண்டியது குழலாக நீள்கிறது. குளவி இதற்கெல்லாம் முன்பே, ஈயின் முட்டையிலோ அப்போதுதான் பொரித்த புழுவிலோ தன் முட்டையை வைத்துவிடுகிறது. அந்த ஒரு முட்டை பலவாகப் பிரிந்து பல குளவிகளாகிறது. நீங்கள் பார்த்த கூட்டம் அப்படி வந்ததுதான்.

முதன்முதலில் நான் ஒரு குழலைப் பிளேடால் நீளவாக்கில் கீறி லென்ஸில் பார்த்தபோது, புழு உப்பிக் கிடந்தது. தோல் மட்டும்தான் புழுவுடையது. உள்ளே பொட்டலம் கட்டியதுபோல் குளவிக் கூடுகள் நெருக்கி அடைந்திருந்தன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்தத் தூர் பிழைக்குமா? பிழைக்காது. குளவி புழுவை உடனே கொல்வதில்லை, வளரவிட்டுத்தான் தின்கிறது. அதற்குள் குழல் உருவாகிவிடும், அந்தத் தூரில் கதிர் வராது. குளவியால் பிழைப்பவை அடுத்த தலைமுறை ஈக்கள் தாக்கவிருந்த தூர்கள். இன்னொரு சங்கடம், பருவத்தின் பிற்பகுதியில்தான் குளவி பெருகுகிறது. தூர் கட்டும் முக்கியமான நாட்களில் குறைவாகவே இருக்கும். அதனால்தான் குளவி உள்ள குழல்களைச் சேகரித்து, நட்ட 10ஆம் நாளில் 10 சதுர மீட்டருக்கு 1 வீதம் வயலில் வைக்கச் சொல்கிறார்கள். இப்போது மருந்து அடித்தால் குழலுக்குள் இருக்கும் புழு தப்பிவிடும், வெளியே பறக்கும் குளவி செத்துப்போகும். தழைச்சத்தை மட்டும் ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம், நாளை வயலுக்குப் போகும்போது குழல்களின் நுனியைப் பாருங்கள். நுனிக்கருகே ஓட்டையும் அதில் வெள்ளைத் தோலும் துருத்திக்கொண்டிருந்தால் அங்கிருந்து ஈ பறந்துவிட்டது. ஓட்டை இல்லாத குழல்களில் பத்தைக் கீறிப் பாருங்கள். எத்தனையில் உப்பிய புழு இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.