வாகனக் கண்ணாடி விளிம்பும் வைர வீலும்: கேள்வி பதில்

வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடியும் கிடைக்காத கண்ணாடியை அளவெடுத்து, தட்டைக் கண்ணாடியில் வெட்டி, விளிம்பு தேய்த்துக் கொடுக்கும் பட்டறைகள் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் இருக்கின்றன. அங்கே வேலை செய்வோர் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை, உலோகப் பிணைப்பில் வைரத் துகள் பதித்து, நடுவில் காடி (பள்ளம்) வெட்டப்பட்ட, வளைவான பென்சில் விளிம்பு தரும் வீலைப் பற்றியவை.

வெள்ளம்பிட்டியில் பட்டறை நடத்துபவர்: ஐயா, 4 மில்லிமீட்டர் கதவுக் கண்ணாடியின் விளிம்பில் ஓயாமல் கண்ணாடிச் சில்லு பெயர்கிறது. புது வீல் மாட்டியும் மாறவில்லை. விற்றவரோ வீலில் குறையே இல்லை என்கிறார். நான் எதைப் பார்க்க வேண்டும்?

விற்றவர் சொல்வதை இப்போதைக்கு நம்புங்கள். புது வீலிலும் அதே குறை தொடர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மெஷினை. கண்ணாடியைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, சில்லு எந்த ஒழுங்கில் பெயர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மேற்பக்கத்தில் மட்டும் அல்லது கீழ்ப்பக்கத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால், காடியின் நடுவும் கண்ணாடித் தடிப்பின் நடுவும் ஒரே மட்டத்தில் வரவில்லை என்று பொருள். விளிம்பு முழுவதையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, மிக மெல்லிய தேய்ப்பாக ஒரு முறை ஓட்டுங்கள். மை எந்தப் பக்கம் எஞ்சி நிற்கிறதோ அந்தப் பக்கத்தை வீல் தொடவில்லை. வீலின் உயரத்தைத் திருத்தினால் இந்தக் குறை அன்றே தீரும்.

சில்லு சம இடைவெளியில் வந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி நிமிடத்துக்கு 3 மீட்டர் நகர, வீல் நிமிடத்துக்கு 2850 சுற்றுச் சுற்றுகிறது என்றால், ஒரு சுற்றுக்குக் கண்ணாடி 1 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி நகரும். தழும்புகளுக்கு இடையிலான தூரமும் அதுவே என்றால் வீல் மையம் விலகி ஓடுகிறது. அதைவிடப் பெரிய இடைவெளி என்றால், கண்ணாடியைத் தாங்கிச் சுற்றும் மேசையையோ, பெல்ட்டையோ, அதன் பெயரிங்கையோ பாருங்கள். வீல் மையம் விலகியிருப்பதாகத் தெரிந்தால் உடனே வீலைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்ற வேண்டாம். வீலைக் கழற்றி, வீலை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேஞ்சின் முகத்தைத் துணியால் துடைத்து, விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். காய்ந்த கண்ணாடிச் சேறு அங்கே ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தாலே வீல் சாய்ந்து உட்கார்ந்துவிடும். சுத்தம் செய்து மாட்டிய பிறகு விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள். விலகல் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தொடர்ந்து வேலை செய்வது வீண். பெயரிங் பார்க்கும் முறை அப்போதுதான் வருகிறது.

ஒழுங்கே இல்லாமல் எங்கும் பெயர்ந்திருந்தால், கண்ணாடியை நகர்த்தும் வேகம் அதிகம், வைரத் துகள் மிகப் பெரியது, அல்லது தண்ணீர் போதாது. இந்த மூன்றில் முதலாவதைச் சோதிக்கக் காசு செலவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள்.

தெமட்டகொடையிலிருந்து ஒருவர்: விளிம்பில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டுகள் வருகின்றன. கருகல் என்கிறார்கள். ஆனால் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது, சேர்.

தண்ணீர் ஓடுவதும், வீலும் கண்ணாடியும் தொடும் இடத்துக்கு அது போய்ச் சேர்வதும் வேறு வேறு. வேகமாகச் சுற்றும் வீல் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால், அழுத்தம் இல்லாத தண்ணீர் அந்தக் காற்றுப் படலத்தில் பட்டுத் தெறித்துவிடும். பார்ப்பவருக்கு மெஷின் முழுதும் நனைந்திருக்கும், வெட்டும் இடம் மட்டும் உலர்ந்து எரியும். தண்ணீர் பாயும் நொசிலை வீலுக்கு மிக அருகில் கொண்டு வந்து, தொடும் இடத்துக்குள் வீல் நுழையும் பக்கத்திலிருந்து, காடியை நோக்கிப் பாயும்படி திருப்புங்கள். நொசில் வாயில் சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.

அதன் பிறகும் திட்டு வந்தால், வீல் மழுங்கிப் பளபளத்துப் போயிருக்கலாம். மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, காடிக்குள் விரலை வைத்துத் தடவுங்கள். சொரசொரப்பு இல்லாமல் வழுக்கினால் வைரத் துகள்களின் முனை தேய்ந்து, பிணைப்பின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. வீலைக் கூர்ப்படுத்தும் வெள்ளை அலுமினியம் ஒக்சைட் டிரெஸிங் ஸ்டிக்கைத் தண்ணீரில் நனைத்து, மெஷினை மீண்டும் ஓட்டி, தண்ணீரையும் திறந்துவிட்டு, காடிக்குள் நிதானமாகக் கொடுங்கள். முதலில் ஸ்டிக் தேயாமல் சறுக்கும், பிணைப்பு சற்று அரிபட்டுத் துகள் வெளியே வந்ததும் வேகமாகத் தேயத் தொடங்கும். அந்த மாற்றம் கையில் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய வைரத்தைச் சேற்றில் கரைப்பதுதான். மோட்டாருக்கு ஓர் அம்பியர் மானி மாட்டி வைப்பது நல்ல பழக்கம். ஒரே கண்ணாடிக்கு, ஒரே வேகத்தில், முள் நாளுக்கு நாள் ஏறி வந்தால், திட்டு விழுவதற்கு முன்பே டிரெஸிங் தேவை என்று அது சொல்லிவிடும்.

களனியிலிருந்து: வெளிநாட்டிலிருந்து வந்த ரீகண்டிஷன் மெஷின் வாங்கினேன். கருகல் இல்லை, சில்லும் குறைவு. ஆனால் வீல் மட்டும் அநியாயத்துக்குத் தேய்கிறது.

மோட்டாரின் தகட்டில் 60 ஹேர்ட்ஸ் என்று அடித்திருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அங்கே 3450 சுற்றுச் சுற்றிய மோட்டார் இங்கே 2850 சுற்றுத்தான் சுற்றும். 150 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டரிலிருந்து 22 மீட்டருக்கு இறங்கிவிடும். இவ்வகை வீல் கண்ணாடியில் ஒழுங்காக வெட்டுவது 25 முதல் 35 மீட்டர் வரையிலான வேகத்தில். வேகம் குறைந்தும் கண்ணாடியை முன்போலவே நகர்த்தினால், ஒவ்வொரு வைரத் துகளும் பெரிய கடி கடிக்க வேண்டியிருப்பதால், தேய்ந்து முடிவதற்கு முன்பே பிணைப்பிலிருந்து பிடுங்கப்படுகிறது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றும் இன்வெர்ட்டர் பொருத்தியோ, பெல்ட் ஓடும் புலியை (pulley) மாற்றியோ வேகத்தைக் கூட்டலாம். வீலில் பொறித்திருக்கும் உச்ச வேகத்தை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. செலவு செய்ய இப்போது வசதி இல்லையென்றால், கண்ணாடி நகரும் வேகத்தையும் அதே விகிதத்தில் குறையுங்கள். வேலை மெதுவாகும், வீல் பிழைக்கும்.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தம்பி: டெம்பர் கண்ணாடி கதவுச் சட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடிக்கிறது. கொஞ்சமாகத் தேய்த்துவிடலாமா அண்ணா?

முடியாது, தம்பி. டெம்பர் செய்தபோது, அதாவது உலையில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தபோது, மேற்பரப்பில் இறுகிய அழுத்தப் படலத்தை வீல் துளைத்தால் கண்ணாடி முழுதும் பொடியாகிவிடும். வெட்டு, துளை, விளிம்பு எல்லாம் உலைக்குள் போவதற்கு முன்பே முடிய வேண்டும். விளிம்பில் விட்டுவிட்ட சிறு சில்லுகூட உலையில் வெடிப்பாக விரிந்து கண்ணாடியை உடைக்கும் என்பதால், முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன்.

பேருந்துகளுக்கு முன்கண்ணாடி வெட்டுபவர், பேலியகொடை: லெமினேட் கண்ணாடி தேய்க்கும்போது வீலில் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. சில மாதங்களில் விளிம்பும் வெளுத்துப் போகிறது என்று முதலாளிமார் திரும்பி வருகிறார்கள்.

இரண்டு குறையும், லெமினேட்டில் இரு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் படலத்தால் வருபவை. பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தப் படலம் சூட்டில் இளகி வீலின் துளைகளை அடைக்கிறது. வெட்டியதும் வெளியே துருத்தி நிற்கும் படலத்தைக் கூரிய பிளேடால் கண்ணாடி மட்டத்துக்கு அரிந்துவிட்டு, தண்ணீரைக் கூட்டி, ஒரே கடியில் தேய்க்காமல் மெல்லிய தேய்ப்புகளாக எடுங்கள். ஒட்டியதை டிரெஸிங் ஸ்டிக் எடுத்துவிடும்.

விளிம்பு வெளுப்பது படலம் ஈரத்தை உறிஞ்சுவதால். தேய்த்த கண்ணாடியைச் சேற்றுத் தண்ணீர் வடிய அப்படியே சாத்தி வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலர்த்திய பிறகே பொருத்தக் கொடுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் இதற்கு ஒரு மின்விசிறி வைப்பது தகும்.

பெயர் குறிப்பிடாதவர்: சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பட்டறையைத் திறந்தால் கூலன்ட் (வீலைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டி நாறுகிறது, அடியில் சேறு கல்லாகிவிட்டது.

தேங்கி நின்ற கூலன்டில் பக்டீரியா பெருகியதே நாற்றம். கண்ணாடித் தூளிலிருந்து காரம் கரைந்து, அசையாத சேறும் இறுகிவிடும். விடுமுறைக்கு முன்பே தொட்டியை வடித்துக் கழுவிவிட வேண்டும். சேற்றைத் தெருக் கானில் கொட்டாதீர்கள், அங்கேயும் அது கல்லாகும். அன்றாடம் குறையும் அளவுக்கு வெறும் தண்ணீரையே ஊற்றி வருவது இன்னொரு பொதுவான தவறு. நனைந்த கண்ணாடியோடு கூலன்டும் வெளியே போவதால் செறிவு இறங்கிக்கொண்டே வரும். செறிவை அளக்கும் ஒரு சிறு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவில் செறிவை வைத்திருங்கள்.

மருதானையிலிருந்து: ஒன்றிரண்டு கண்ணாடிதான் வேலை. கையில் பிடிக்கும் நாலு அங்குல கிரைண்டரில் தேய்த்தால் போதாதா?

உலர்வாகத் தேய்த்தால் விளிம்பு கருகுவதோடு தூளும் மூச்சோடு உள்ளே போகும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், சாதாரணக் கிரைண்டரில் மின்சாரம் கைக்கு வரும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஒன்றிரண்டுக்கு சிலிக்கன் கார்பைட் பெல்ட் ஓடும், தண்ணீர் சொட்டும் சிறு மெஷின் போதும். அதுவும் இல்லையென்றால் வைரத் துகள் பதித்த கைத்தேய்ப்புக் கட்டையை நனைத்து நனைத்துத் தேய்க்கலாம். நேரம் எடுக்கும், ஆனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் மறையும் விளிம்புக்கு அதுவே தாராளம்.