டிராக்டர் டிரெய்லரின் மரத்தளம் இற்றுப்போய்விட்டது. மீண்டும் பலகையே போடலாமா, இரும்புத் தகடு அடித்துவிடலாமா?

பலகையே போடுங்கள். ஆனால் எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றித்தான் உங்கள் வண்டி பிழைக்கிறது என்றால் இதற்குமேல் படிக்க வேண்டாம். நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுங்கள். நாள் முழுக்க மண்வெட்டி வழிக்கிற வழிப்புக்கு மரம் தாங்காது. நெல் மூட்டை, உர மூட்டை, வைக்கோல், எரு, தேங்காய் என்று ஓடுகிற வண்டிக்குத்தான் நான் சொல்வது பொருந்தும்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். அப்பா காலத்து இரண்டு சக்கர டிரெய்லர், பத்தடிக்கு ஆறடி. அதன் தளத்தை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை, 2012இல், நான் செய்தது எல்லாமே தப்பு. அறுவை மில்லில் இருந்து ஈரம் காயாத வேப்பம்பலகையை வாங்கி வந்து, இடுக்கு இல்லாமல் நெருக்கி அடித்து, மேல்பக்கம் மட்டும் பச்சை எனாமல் பெயின்ட் இரண்டு கை பூசினேன். பார்ப்பதற்குக் கல்யாண மேடை மாதிரி இருந்தது. ஆறாவது வருடம், பொட்டாஷ் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிய ஆளின் கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

அன்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. தளத்தைக் குறுக்கே தாங்குகிற இரும்புச் சட்டங்கள், அதாவது சேனல்கள், இரண்டுக்கு நடுவே பலகையை அடியிலிருந்து தட்டினால் கணீரென்கிறது. ஆனால் சேனலின்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு விரற்கடை அகலத்தில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் ஊறவைத்த அவலில் இறங்குவது போல் இறங்குகிறது. பின்பக்கம், பலகையின் முனைகள் ஆங்கிளுக்குள் (‘L’ வடிவ இரும்பு) அமர்கிற இடம் இன்னும் மோசம். எருவும் மண்ணும் சேர்ந்து அங்கே ஒரு சின்ன வாய்க்காலே இருந்தது. எங்கள் தச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “மேலே குடை பிடித்துவிட்டுக் கீழே தொட்டி கட்டி வைத்திருக்கிறீர்களே தம்பி.”

அதுதான் நடந்தது. மழைத்தண்ணீர் எப்படியும் இடுக்கில் இறங்கும். இறங்கியது இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப் படாமல் நின்றுகொள்ளும். மேலே பெயின்ட் அடைத்திருப்பதால் அந்த வழியாகவும் உலராது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வேலை செய்யாது. அதற்கு மேலே நிற்க விட்டால் தேக்காக இருந்தாலும் ஒருநாள் போகும். ஆகவே எந்த மரம் என்ற கேள்விக்கு முன்னால், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த வருடம் நவம்பரில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கம் நிமிர்ந்து நின்ற மரங்களை எண்ணிவிடலாம். களத்துமேட்டில் நின்ற பெரிய வாகை வேரோடு சாய்ந்தது. வருத்தம் ஒருபக்கம், ‘பலகை கிடைத்தது’ என்ற அற்ப சந்தோஷம் மறுபக்கம். தோப்பில் நூற்றுக்கணக்கில் தென்னை கிடக்கிறதே, அதிலேயே அறுக்கலாமே என்றார் மாமா. தென்னையில் வெளிவட்டம்தான் கெட்டி; நடுப்பகுதி வெறும் பஞ்சு. எட்டங்குலப் பலகை எடுத்தால் பாதி பஞ்சாகத்தான் வரும். வேண்டாம் என்றுவிட்டேன்.

வாகையை ஒன்றரை அங்குலக் கனத்தில் அறுத்தோம். அறுக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மித் தீராது. பட்டையை ஒட்டிய மெத்தென்ற வெளிமரத்தை, அதாவது வெளிறை, அங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். வாகையில் இது சுலபம்: உள்ளே இருக்கிற கெட்டியான வயிரம் நல்ல பழுப்பு, வெளிறு வெளுப்பு. வெளிறு ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்தாலும் மரத்தைத் துளைக்கிற உளுப்பூச்சி முதலில் அங்கேதான் விழும். பலகை முனைகளில் சாணி மெழுகி, இடையிடையே ரீப்பர் குச்சி வைத்து, கொட்டகை நிழலில் அடுக்கினோம். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. நாங்கள் இரண்டு வருடம் விட்டோம். அதுவரை வண்டி ஓட்டைமேல் தகரம் அடித்துக்கொண்டு ஓடியது. உங்களுக்கு அத்தனை பொறுமை இல்லையென்றால் மில்லில் காய்ந்த பலகை கேட்டு வாங்குங்கள். பத்துக்கு ஆறு தளத்துக்கு ஏழரை கன அடி, சேதாரத்தோடு ஒன்பது.

தகடு போட்டால் வண்டி லேசாகும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் தகடு இந்த அளவுக்குச் சுமார் 130 கிலோ, வாகைப் பலகை சுமார் 150. 5 மில்லிமீட்டர் தகடு என்றால் 220 கிலோவுக்குப் பக்கம் வந்துவிடும். மேலும் தகட்டில் மூட்டை வழுக்கும், சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது, பொட்டாஷ் சிந்தினால் அரித்துவிடும். ஒரு பலகை போனால் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இனி பிரிக்கும் வேலை. முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் போங்கள். இரண்டு சக்கர வண்டி பாரம் மாறினால் குப்புற விழும். துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டாமல் கிரைண்டரால் அறுத்தெறியுங்கள். பிறகு சேனல்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டுங்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அதை மாற்றாமல் மேலே பலகை போடுவதில் அர்த்தமில்லை. எங்களுடையதில் ஆறில் ஒன்றை மாற்றினோம். மற்றவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு பெயின்ட் இரண்டு கை அடித்து, பலகை உட்காரும் முகத்தில் மட்டும் தார் பூசினோம். பழைய டியூபை வெட்டிப் போடலாமா என்று கேட்டேன். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று தச்சர் மறுத்துவிட்டார். அந்தப் பின்பக்க ஆங்கிள் இருக்கிறதே, அதன் அடியில் முக்கால் அடிக்கு ஒன்றாக விரல் நுழைகிற துளை போட்டோம். மொத்த வேலையிலும் செலவே இல்லாதது இதுதான். என்னைக் கேட்டால், இதை மட்டும் 2012இல் செய்திருந்தால் அந்த வேப்பம்பலகையே இன்னும் நாலு வருடம் வந்திருக்கும்.

பலகைகளைப் போல்ட் போடுவதற்கு முன்பே நான்கு பக்கமும் முனைகளும் எண்ணெய் குடிக்க வேண்டும். கழிவு எஞ்சின் ஆயில் வேண்டாம். வழுக்கும், வைக்கோலில் ஒட்டும். நாங்கள் பண்ருட்டியில் இருந்து முந்திரித் தோல் எண்ணெய் வாங்கி வந்தோம், படகுக்குப் பூசுவார்களே, அது. கறையானுக்கும் ஆகாது. ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போடும். கையுறை போட்டும் எனக்கு மணிக்கட்டில் ஒரு வாரம் எரிந்தது. எண்ணெயை ஒரு தகர டப்பாவில் ஊற்றி, முனைகளை மட்டும் அதில் நிறுத்தி வையுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான். நன்றாகக் காய்ந்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

ஆறடி அகலத்துக்கு எட்டங்குலப் பலகை ஒன்பது. இடையில் கால் அங்குலம் விட்டால் எட்டு இடுக்குக்கு இரண்டு அங்குலம் போகும், ஆகவே கடைசிப் பலகையை ஆறங்குலமாகக் கிழிக்க வேண்டும். நெல் சிந்துமே என்பீர்கள். தார்ப்பாய் விரிக்காமல் யார் நெல் ஏற்றுகிறார்கள்? பலகை முழுதாகக் காயவில்லை என்ற சந்தேகம் இருந்தால் மரத்தின் நடுப்பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். காயும்போது பட்டைப்பக்கம்தான் குழியும். அந்தக் குழி மேலே இருந்தால் தண்ணீர் தேங்கும்.

ஆணி கூடவே கூடாது. உருண்டைத் தலையும் சதுரக் கழுத்தும் உள்ள 10 மில்லிமீட்டர் போல்ட், ஜிங்க் பூசியது. முன், பின் சேனல்களில் பலகைக்கு இரண்டு, நடுச் சேனல்களில் ஒவ்வொன்று. ஆக பலகைக்கு எட்டு, மொத்தம் 72. தலை மரத்துக்குள் அடங்கும்படி குழித்து இறக்காவிட்டால் எரு வழிக்கும்போது மண்வெட்டி ஒவ்வொன்றிலும் இடறும். துளையிடும் முன், டெயில் லைட் வயர் எந்தச் சேனல் ஓரமாகப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.

மேலே பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை. 2021 தொடக்கத்தில் வேலை முடிந்தது. அந்தக் கோடை முடிந்ததும் 72 நட்டுகளுக்கும் ஸ்பானர் போட்டேன். பாதிக்கு மேல் அரைச் சுற்று ஏறியது, பின்வரிசையில் இரண்டு கையாலேயே சுழன்றன. உங்கள் வண்டிக்கும் முதல் கோடை கழிந்ததும் ஒருமுறை அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள்.