கேட்டு வாங்குங்கள்: மங்கலான அரங்கில் விளையாட்டுப் படம்

கேள்வி: மகள் குடும்பம் டொராண்டோவில் இருக்கிறது. பேரன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். சென்ற முறை போனபோது நான் எடுத்த படங்களில் பனித்தரை சாம்பல் நிறமாகவும் பேரன் கறுத்த கலங்கலாகவும் விழுந்திருக்கிறது. 45 மெகாபிக்சல் கேமரா வாங்கினால் சரியாகும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை

பதில்: வேண்டாம், ஐயா. உங்கள் படத்தைக் கெடுத்தது மெகாபிக்சல் அல்ல.

கேமராவின் ஒளிமானி எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். படச்சட்டம் முழுக்க வெள்ளைப் பனி நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். ஓணத்தன்று வெள்ளை முண்டும் செட்டுமுண்டும் உடுத்தி நிற்கிற கூட்டத்தை எடுத்தாலும் இதேதான் நடக்கும். முகங்கள் இருண்டு போகும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை கூட்டல் பக்கம் முக்கால் முதல் ஒன்று வரை நகர்த்துங்கள். செலவு ஒன்றுமில்லை.

கலங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம். ஐஸ் ஹாக்கியில் குறைந்தது 1/500 நொடி வேண்டும். 1/800 இருந்தால் நல்லது. உள்ளரங்க விளக்கில் அந்த வேகத்துக்கு லென்ஸின் வாய் அகலமாகத் திறக்க வேண்டும். கேமராவோடு சேர்த்துத் தருகிற லென்ஸ் ஜூமை நீட்டியதும் எஃப் 5.6 ஆகிவிடும். எஃப் எண் கூடக் கூட வாய் சுருங்கும். எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், எஃப் 1.8 ஏறக்குறைய 10 மடங்கு. கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸின் விலை ஓய்வூதியத்துக்கு ஒத்துவராது. 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கி, இப்போது இருக்கிற கேமராவிலேயே மாட்டுங்கள். ஒளியை உணரும் திறனைக் கூட்டிக் குறைக்கிற ஐ.எஸ்.ஓ.வை 3200இல் தொடங்கி, தேவைப்பட்டால் 6400 வரை கொண்டுபோங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகப் பொரி விழும், விழட்டும். பொரி விழுந்த படத்தில் பேரனை அடையாளம் தெரியும், கலங்கிய படத்தில் தெரியாது.

ஆடுகளத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு இருக்கும். கீறல் இல்லாத இடமாகப் பார்த்து, லென்ஸில் ரப்பர் மறைப்பு மாட்டி, கண்ணாடியோடு ஒட்டி, நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் காட்சி குழையும், பின்னால் இருக்கிற விளக்குகளும் கண்ணாடியில் தெரியும். கோல் பக்கத்து மூலை நல்ல இடம். பையன்கள் உங்களை நோக்கி வருவார்கள். சிறுவர்களின் தலைக்கவசத்தில் முகத்தின் முன் கம்பிவலை இருக்கும். கண்ணைத் தேடிக் குவிக்கிற வசதி அந்தக் கம்பியில் தடுமாறும். ஆகவே மார்பில் இருக்கிற எழுத்திலோ எண்ணிலோ குவியுங்கள். பையன் குனிந்து ‘பக்’ என்கிற ரப்பர் வட்டைத் தள்ளும்போது பனியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழிருந்து கம்பிவலைக்குள் ஏறி முகத்தைத் தெளிவாக்கும். அந்த நொடிக்குக் காத்திருங்கள்.

அணிப் படத்தை ஆட்டம் முடிந்ததும் எடுங்கள். எல்லோரும் கவசத்தைக் கழற்றி நிற்பார்கள், அசைய மாட்டார்கள். கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 அல்லது 1/125 வைத்தால் விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது. எஃப் 5.6 வைத்தால் இரண்டு வரிசையும் தெளிவாக வரும். வெளியே வந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: 18 முதல் 300 மி.மீ. வரை ஒரே லென்ஸ். இரவு வாலிபால் ஆட்டம் எடுக்கப் போதுமா?
— கொல்லங்கோடு

பதில்: போதாது.

கேள்வி: உள்ளரங்கில் ஷட்டில் ஆட்டம் எடுக்கப் பெரிய ஃபிளாஷ் வாங்க நினைக்கிறேன். எது நல்லது?
— செங்கோட்டை

பதில்: எதுவும் வேண்டாம். ஆடுகிறவரின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் ஆட்டம் போகும், உங்களையும் வெளியே அனுப்புவார்கள். அந்தப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

கேள்வி: மின்னொளியில் நடக்கிற செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) ஆட்டத்தைப் புதிய கேமராவில் எடுத்தேன். படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை. கேமரா பழுதா? கடையில் மாற்றித் தருவார்களா?
— கொழிஞ்சாம்பாறை

பதில்: பழுதில்லை, சண்டைக்குப் போகாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/1000இல் எடுத்தால் அந்தத் துடிப்பின் ஒரு துண்டு மட்டும் சிக்குகிறது. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு என்றால் வெளிச்சத்தோடு நிறமும் மாறும். சத்தமில்லா ஷட்டரை அணைத்துவிட்டுச் சத்தம் வருகிற ஷட்டருக்கு மாறுங்கள். பாதிப் பட்டை அதிலேயே போகும். பிறகு மெனுவில் ‘ஆன்டி ஃப்ளிக்கர்’ இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கிற நேரத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கிற வசதி அது. விளையாட்டு எடுக்கக் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்க மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு கடையில் பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ் வாங்கினேன். ‘பளிங்கு மாதிரி இருக்கிறது’ என்று சொல்லி விற்றார்கள். ஊருக்கு வந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம், நீங்கள் ஆந்திராக்காரர், இங்கே வந்து வழக்குப் போடுங்கள்’ என்கிறார்கள். தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது.
— சித்தூர், ஆந்திரா

பதில்: தம்பி, மனம் தளராதீர்கள். அவர்கள் சொன்ன இரண்டும் தவறு.

குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் ஒரு வரி அச்சிட்டுவிட்டதால் சட்டம் மாறிவிடாது. வழக்குக்காகச் சென்னைக்கு நீங்கள் அலையவும் வேண்டாம். வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எல்லையோரத்தில் வாழ்கிற நம் எல்லோருக்கும் இது பெரிய ஆறுதல். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அதிலேயே வழிக்கு வரும். வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். விளம்பரப் படம், ‘பளிங்கு’ என்று சொன்ன செய்தி, பணம் அனுப்பிய சான்று எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள். லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்; சான்று அதற்குள்தான் இருக்கிறது.

மற்றவர்களுக்கு: பழைய லென்ஸ் வாங்கும்போது இருபக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஓரத்தில் ஒரு கிளை தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். தனியாளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் அவ்வளவாகக் கைகொடுக்காது. அவர் வியாபாரி அல்ல.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்றார்கள். கம்பத்திலிருந்து கோட்டயம் போய்க் கேமரா வாங்கி வந்தேன். இரண்டே மாதத்தில் ஷட்டர் நின்றுவிட்டது. கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார்.
— கம்பம்

பதில்: மலையேறிப் போய் வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கை எல்லை ஊர்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறிய காலத்தில் அதில் ஓரளவு பொருள் இருந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது, வாளையாறு வரிச் சோதனைச்சாவடியும் போனது. கேமராவுக்கு 2019 ஜனவரி முதல் வரி 18 சதவீதம். குமுளிக்கு இந்தப் பக்கமும் அதே, அந்தப் பக்கமும் அதே. 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளம் வெள்ள நிவாரணத்துக்காக 1 சதவீதம் கூடுதலாக வசூலித்தது. அந்த நாட்களிலும் மலிவு என்று பஸ் ஏறினவர்களை நான் அறிவேன்.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபாய்க் கேமராவுக்கு வரி 9,000. அந்த 9,000க்காக உத்தரவாதத்தையும், புகார் உரிமையையும், திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் காட்ட வேண்டிய காகிதத்தையும் விட்டுக்கொடுத்தீர்கள். வரி இல்லாமல் விற்கிறவர் அரசுக்குக் கணக்குக் காட்டாதவர். உங்களுக்கு மட்டும் ஏன் கணக்குக் காட்டப் போகிறார்? ஏமாந்தவர் என்று உங்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பில் வேண்டாம் என்றது நீங்கள்.

இருந்தாலும் ஒன்று. பில் தராததும் மேலே சொன்ன நுகர்வோர் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். கைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், பெட்டியில் இருக்கிற வரிசை எண்ணும் சான்றாகும். 1915இல் சொல்லிப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்ப்பதுதான் வழி.

கேள்வி: இணையத்தில் 512 ஜி.பி. மெமரி கார்டு பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. வாங்கலாமா?
— திருத்தணி

பதில்: எனக்கும் ஒரு முறை அப்படிப்பட்ட கார்டு வந்தது. அட்டையில் 64 ஜி.பி., உள்ளே இருந்தது 8. கேமரா முழு இடமும் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. மாவட்டக் கபடி இறுதியாட்டத்தின் பின்பாதி முழுவதும் திறக்காத வெற்றுக் கோப்புகளாகப் போயிற்று. கபடி ஆடின பிள்ளைகள் படம் கேட்டு வந்தபோது கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. விற்றவர் பெயரை மாற்றிக்கொண்டு அதே பொருளை இன்னும் விற்கிறார். கடையில் பில்லோடு வாங்குங்கள். வாங்கிய அன்றே காணொளி எடுத்துக் கார்டை முழுக்க நிரப்பி, கடைசிக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் மறுநாள் காலையில் கடைவாசலில் நில்லுங்கள்.