அலுமினியத்தில் சிப் அடைகிறதா? ஃபீடைக் குறைக்காதீர்கள்

கேள்வி: விஎம்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்) 6061 ரக அலுமினியப் பிளேட்டில் 25 மி.மீ. ஆழத்துக்கு பாக்கெட் (குழி) எடுக்கிறோம். 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில், நான்கு ஃப்ளூட் (பல்லுக்குப் பல் இடையே சிப் வெளியேறும் பள்ளம்), 6000 ஆர்பிஎம், ஃபீட் (டூல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 500 மி.மீ. பாதி ஆழம் போவதற்குள் சிப் (வெட்டும்போது வரும் சீவல்) அடைத்து, டூலில் அலுமினியம் அப்பிக்கொள்கிறது. பயந்து ஃபீடை 300 ஆக்கினோம். அப்புறமும் இரண்டு டூல் உடைந்தது. கூலண்ட் நன்றாகத்தான் பாய்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 300-தான் எனக்கு முதல் சந்தேகம். 500 ஃபீடில் ஒவ்வொரு பல்லும் எடுப்பது சுமார் 0.02 மி.மீ. 300-க்கு இறக்கியதும் அது 0.0125. இவ்வளவு மெல்லிசாகப் போனால் பல் வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம். தேய்த்தால் சூடு. சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே போக வேண்டியது சிப். அதுவே தூளாகிவிட்டால் சூடு எங்கே போகும்? இளகிய அலுமினியம் வெட்டுமுனையில் ஒட்டுகிறது, அதன் மேல் அடுத்தது ஒட்டுகிறது, கடைசியில் ஃப்ளூட்டே அடைத்துப்போய் டூல் வெறும் கம்பியாகச் சுற்றுகிறது. உடையாமல் என்ன செய்யும்?

முதலில் டூலை மாற்றுங்கள். நான்கு ஃப்ளூட் ஸ்டீலுக்குச் சரி. இங்கே சிப் தங்க இடம் போதாது. அலுமினியத்துக்கென்றே வரும் மூன்று ஃப்ளூட், பாலிஷ் செய்த டூல் வாங்குங்கள். டூலின் முழு அகலமும் வெட்டும் ஸ்லாட் (நீளப் பள்ளம்) என்றால் இரண்டு ஃப்ளூட்கூட நல்லது. கோட்டிங்கையும் பாருங்கள்: ஸ்டீலுக்குப் போடும் கறுப்பு நிற டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு வேண்டாம், அதில் இருக்கும் அலுமினியத்தோடு ஜாபின் (நீங்கள் வெட்டும் பிளேட்டின்) அலுமினியம் உறவு கொண்டாடும். கோட்டிங் இல்லாததோ, சிர்கோனியம் நைட்ரைடு, டிஎல்சி (வைரம் மாதிரியான கார்பன் பூச்சு) போன்றதோ போதும்.

இனி ஃபீட். அதே 6000 ஆர்பிஎம்மில், மூன்று ஃப்ளூட்டுக்குப் பல்லுக்கு 0.07 மி.மீ. என்று வைத்தால் 6000 × 3 × 0.07 = 1260. கேட்கவே பயமாக இருக்கும், தெரியும். அதனால்தான் பாதையையும் மாற்றச் சொல்கிறேன். முழு அகலத்தில் இறங்காமல், பக்கவாட்டில் 1.5 மி.மீ. மட்டும் எடுத்து, ஆழத்தில் 12 மி.மீ. வரை தாராளமாகப் போங்கள். டூல் பாதை எழுதும் கேம் (CAM) சாஃப்ட்வேரில் அடாப்டிவ் என்று இருப்பது இதுதான். கிளைம்ப் மில்லிங்கிலேயே (பல் தடிமனாக வெட்டத் தொடங்கி மெல்லிசாக முடிக்கும் முறை) ஓட்டுங்கள். பக்கவாட்டு வெட்டு இப்படிக் குறையும்போது சிப்பின் உண்மையான தடிமனும் குறைந்துவிடும்; ஓட்டம் சீரானதும் ஃபீடை 1700 வரை ஏற்றலாம். நேராகக் குத்தி இறக்காமல், ஹெலிக்கலாகச் சுற்றி இறக்குங்கள். பாக்கெட் மூலை R5 (5 மி.மீ. ஆரம்) என்றால் 10 மி.மீ. டூல் அங்கே போய்த் திணறும். மூலைக்கு 8 மி.மீ. டூல் தனியாக வையுங்கள்.

கூலண்ட் பாய்கிறது, சரி. எங்கே பாய்கிறது? டூல் நீளம் மாறினால் நாசில் பார்க்கும் இடமும் மாற வேண்டும். பெரும்பாலான கடைகளில் காலையில் திருப்பி வைத்ததை யாரும் தொடுவதில்லை. தவிர, ஆழமான பாக்கெட் ஒரு கிண்ணம் மாதிரி. கூலண்ட் உள்ளே தேங்கி, சிப் அதிலேயே மிதந்து, பல் அதையே திரும்பத் திரும்ப அரைக்கும். பக்கத்தில் ஒரு ஏர் நாசிலும் பொருத்தி, வெட்டும் இடத்தைப் பார்த்து ஊதவிடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், பாதி ஆழத்தில் புரோகிராமில் ஒரு M01 போடுங்கள் (ஆப்ஷனல் ஸ்டாப் சுவிட்ச் ஆனில் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தும் கட்டளை). ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏர் கன்னால் சுத்தம் செய்யலாம்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் மெட்டீரியலைச் சந்தேகப்படுங்கள். 6061 என்று வந்தாலும் T6 (சூடாக்கிப் பதப்படுத்திக் கடினமாக்கியது) தானா என்று சர்ட்டிஃபிகேட்டில் பாருங்கள். பதப்படுத்தாத மிருதுவான அலுமினியம் சூயிங்கம் போல இழுக்கும்.

மாற்றிய பிறகு முதல் ஜாபில் சிப் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெட்டிப்போட்ட நகத்துண்டு போலக் கெட்டியாக, பளபளவென்று தனித்தனியாக இருந்தால் சரி. மாவு போலவோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டோ வந்தால் உடனே நிறுத்துங்கள். டூல் முனையை லென்ஸில் பார்த்தால் வெள்ளிக் கோடு ஒன்று ஓடும், அது ஒட்டிய அலுமினியம். அதை ஸ்க்ரூடிரைவரால் பெயர்க்க வேண்டாம், கார்பைடு விளிம்பும் கூடவே வந்துவிடும்.