ஓய்வு பெற்ற அப்பாவுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

யூடியூப், வங்கி வேலை, பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், கொஞ்சம் தமிழ் டைப்பிங், இவ்வளவுதான் என்கிறீர்கள். அப்படியானால் பிராசஸரைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்டெல் ஐ3 பிராசஸர் தாராளம், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) இருக்கட்டும். மிச்சக் காசைத் திரையில் போடுங்கள்: 15.6 இன்ச், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). விலை குறைந்த டிஎன் பேனலில் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே முகம் கறுத்துவிடும். கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். எழுத்து பொடியாகத் தெரிந்தால் டிஸ்பிளே செட்டிங்கில் ஸ்கேலை 150 சதவீதம் வைத்துக் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் விண்டோஸ் 11 ஏறுமா என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் வருவது, 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கு பார்க்கிற மெஷினில் அந்த வம்பு எதற்கு? தமிழ் டைப்பிங்குக்கான தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.